இடம் மாறினால் என்ன?

மூவைந்தும் ஐம்மூன்றும் ஒன்றுதான். வாய்பாடு தந்த இந்த நம்பிக்கையோடுதான் நாம் பல்கலைக்கழகக் கணிதத்திற்குள் நுழைகிறோம். டென்சர் பெருக்கத்திலும் 'வரிசை முக்கியமில்லை' என்று மனனம் செய்து தேர்வைத் தாண்டிவிடுகிறோம். இது போதாது என்பதே என் கருத்து.

அ, இ என்னும் இரு வெக்டர் வெளிகளை வரிசை மாற்றிப் பெருக்கினால் கிடைப்பவை ஒன்றே அல்ல. ஓர் இடமாற்று விதி அவற்றை இணைக்கிறது. இத்தகைய விதிகளுக்குரிய நிபந்தனைகளை 1963இல் சாண்டர்ஸ் மெக்லேன் வகுத்தார். இருமுறை இடம் மாற்றினால் தொடங்கிய நிலைக்கே திரும்ப வேண்டும், அதுவே சமச்சீர். கூந்தல் பின்னும்போதோ, ஒரே திசையில் இருமுறை முறுக்கிய இழைகள் விடுபடுவதில்லை. அத்தகைய 'பின்னல்' அமைப்புகளும் கணிதத்தில் உண்டு.

சமச்சீர் விதியும் ஒன்று மட்டுமன்று. இரட்டை, ஒற்றை எனப் பிரித்த வெளிகளில், இரண்டு ஒற்றை உறுப்புகள் இடம் மாறும்போது கழித்தல் குறி இடலாம், இடாமலும் விடலாம். 2 பரிமாண ஒற்றை வெளியைத் தன்னோடு பெருக்கினால் 4 பரிமாணங்கள் வரும். அதில் இடமாற்றத்தால் மாறாத பகுதி, குறியின்றி 3 பரிமாணம். குறியோடு 1 பரிமாணம்! இரண்டு நிலைகளில் இரு போசான்கள் அமையும் வழிகள் 3, இரு ஃபெர்மியான்களுக்கு 1 என்பதும் இதே கணக்குதான்.

"இதெல்லாம் வேலைக்கு உதவுமா?" என்பார்கள். விதியைக் கேட்காதவர் விடையையே தவறவிடுவார். ஆகவே நண்பர்களே, 'சமம்' என்று எழுதுமுன் 'எந்த விதியால்?' என்று கேளுங்கள். விரிவுரை முடிந்ததும் தமிழிலேயே விவாதியுங்கள். புரிந்ததா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.