சங்கம் மதுரைக்கு மட்டும் உரியதா?

சங்க இலக்கியம் என்றதும் நம் மனம் மதுரைக்குச் சென்றுவிடுகிறது. முச்சங்க வரலாற்றை நமக்கு முதன்முதலில் விரித்துரைப்பது இறையனார் களவியல் உரை. முதற்சங்கம் 4440, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850 என அது தரும் ஆண்டுகளைக் கூட்டினால் 9990 ஆகிறது. மூன்றையும் புரந்தவர் பாண்டியரே என்கிறது அவ்வுரை. அது மேற்கோளாக எடுத்தாளும் பாண்டிக்கோவைப் பாடல்களின் தலைவனும் ஒரு பாண்டிய மன்னனே. ஆகவே அந்த வரலாறு பாண்டியர் பக்கம் சாய்ந்திருப்பதில் வியப்பில்லை.

பாடல்களைப் படித்தால் வேறொரு நிலப்படம் விரிகிறது. பதிற்றுப்பத்து முழுவதும் சேரரைப் பற்றியது. முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்துபோக, எஞ்சிய எட்டையும் 1904இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். அவற்றுள் ஆறாம் பத்தைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். ஏழாம் பத்தைப் பாடிய கபிலர், பறம்பின் பாரிக்கு உற்ற நண்பர். ஓரவையில் வீற்றிருந்தவர்களாக அன்றி, நாடுவிட்டு நாடு சென்று புரவலரைப் பாடியவர்களாகவே இப்புலவர்கள் தம் பாடல்களில் தோன்றுகின்றனர்.

நான் வாழும் ஏலூரைச் சூழ்ந்தோடுவது பெரியாறு. பொன்னொடு வந்து மிளகொடு மீளும் யவனர் கலங்களை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. அக்கலங்கள் வந்த முசிறி, சுள்ளி என்னும் பேரியாற்றின் கரையில் இருந்ததாகவும் சொல்கிறது. அந்த ஆறு இன்றைய பெரியாறே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. புறநானூற்றின் 343ஆம் பாடலில் பரணரும் முசிறியைப் பாடுகிறார்.

ஆயினும் இக்கரையில் நிலை என்ன? மலையாள நண்பர்கள் பலர் பதிற்றுப்பத்தை 'உங்கள் தமிழ் நூல்' என்கின்றனர். தமிழர்களாகிய நாமோ சேரநாட்டை மூவேந்தர் பாடத்தின் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறோம். வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்ற வழக்கில் காட்டும் ஊக்கத்தில் பாதியையேனும் அந்நூலைப் படிப்பதில் நாம் காட்டுவதில்லை.

மலையாளம் தனிமொழியாக வளர்வதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்பே எழுந்தவை இப்பாடல்கள். இன்று மலையாளம் பேசும் குழந்தைக்கும் அவற்றில் நமக்குள்ள உரிமை உண்டு. அவ்வுரிமையை ஏற்பதால் தமிழுக்குக் குறைவேதும் நேராது, வாசகர் பெருகுவர். கேரளப் பல்கலைக்கழகங்களின் தமிழ், மலையாளத் துறைகள் பதிற்றுப்பத்தை ஒரே வகுப்பறையில் ஒருங்கே பயிற்றுவிக்க வேண்டும். மலையாளம் அறிந்த தமிழ் ஆய்வாளர்களாகிய நாமே அதற்கான முதல் கோரிக்கையை எழுப்பவேண்டும்.