கதவைச் சாத்திப் பார்த்து கார் வாங்கும் அன்பர்களுக்கு

கார் வாங்கப் போகிறவர்கள் இன்று எதைப் பார்க்கிறார்கள்? கதவை ஒருமுறை சாத்துகிறார்கள். மெத்தென்று சத்தம் வந்தால் வண்டி தரமானது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி ஒரே சீராக இருந்தால் கம்பெனி நல்ல கம்பெனி. பெயிண்டில் முகம் தெரிந்தால் அப்புறம் கேள்வியே கிடையாது. மதுரை ஷோரூம்களில் நடப்பது இந்தப் பரீட்சைதான். இது பரீட்சையே அல்ல என்பது என் கட்சி.

"வெளியே இவ்வளவு கவனமாகச் செய்தவன் உள்ளே கோட்டை விடுவானா?" என்கிறார்கள். விடுவான். முப்பது வருடம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்: முத்து முத்தான கையெழுத்தில் வந்த பட்டியலிலும் கூட்டல் தப்பாக இருக்கும்.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இங்கே விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும், பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்யம். போலோவின் கூடு தாங்கியது. ஐ10-இன் கூடு தாங்கவில்லை. இரண்டுமே பார்வைக்கு லட்சணமான வண்டிகள். கதவைச் சாத்திப் பார்த்து இந்த வித்தியாசத்தை யாராவது சொல்லியிருப்பாரா? அதே போலோ ஏர்பேக்குடன் மோதியபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. மாறியது பெயிண்ட் அல்ல!

அம்பாசடர் அன்பர்கள் உடனே கொடி பிடிக்க வேண்டாம். இடுக்கு கோணலாக இருந்ததால் அது உறுதியான வண்டி ஆகிவிடாது. உறுதிக்குக் கோணலும் சாட்சி அல்ல, நேர்த்தியும் சாட்சி அல்ல.

அழகே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயிண்டுக்கு அடியில் துருவைத் தடுக்கும் பூச்சு இருக்கிறது; கதவு ரப்பர் மழையையும் புழுதியையும் தடுக்கிறது. அவையெல்லாம் வேலை செய்கிற நேர்த்தி. மற்றதற்கு, நான் படித்த பிரெஞ்சில் 'ஃபினிசியோன்' என்று பெயர்: முடிப்பு வேலை. கடைசியில் செய்வதை நாம் ஏன் முதலில் கேட்க வேண்டும்? கொண்டையில் தாழம்பூ, உள்ளே ஈரும் பேனும் என்ற கதை ஆகிவிடும்.

2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே நட்சத்திரம் கொடுக்கிறார்கள். ஆனால் கம்பெனி விருப்பப்பட்டால்தான் சோதனை. எனவே கேட்க வேண்டியது நாம்தான். பேரன் பேத்திகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திருமங்கலம் நாலுவழிச் சாலையில் போகப் போகிற வண்டி அது. எத்தனை நட்சத்திரம், எந்த வருடச் சோதனை, ஏர்பேக் எத்தனை என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு கலரைப் பற்றிப் பேசலாம்.