ஓடி முடித்த குதிரைக்கு யார் பொறுப்பு?

உதகையின் சாலைகளிலும் சந்தைப் பகுதியிலும் குதிரைகள் கேட்பாரற்றுத் திரிவது பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. அவை குப்பையைக் கிளறித் தின்கின்றன. வாகனங்கள் மோதிக் காயமடைகின்றன. நகராட்சி அவ்வப்போது பிடித்து அடைக்கிறது, உரிமையாளருக்கு அபராதம் விதிக்கிறது. சில நாள்களில் மீண்டும் அதே காட்சி. சுற்றுலாச் சவாரிக்கு உழைத்துத் தளர்ந்தவை இவை. பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்டுச் சவாரிக்கு வந்தவையும் இவற்றுள் உண்டு. ‘மேய விட்டிருக்கிறோம்’ என்ற சமாதானத்தை நாம் ஏற்க இயலாது. மேய்ச்சல் என்றால் புல் வேண்டும், நீர் வேண்டும், வேலி வேண்டும், கவனிக்க ஓர் ஆள் வேண்டும். நான்கும் இல்லாத இடத்தில் விடுவதற்குப் பெயர் கைவிடுதல்.

பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலானவற்றின் ஓட்டம் ஏழெட்டு வயதுக்குள் முடிந்துவிடும். ஆனால் குதிரையின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல். ஆக, சம்பாதித்துக் கொடுப்பது சில ஆண்டுகள். அதன் பிறகு வாழ வேண்டியது பதினைந்து, இருபது ஆண்டுகள். இந்தியாவில் பந்தயத்துக்கென வளர்க்கப்படும் ஒவ்வொரு குதிரையின் பிறப்பும் பெற்றோரும் புணேயில் உள்ள வம்சப் பதிவேட்டில் இடம்பெறுகின்றன. பிறப்பை இவ்வளவு கவனமாக எழுதிவைக்கும் தொழில், ஓய்வுக்குப் பின் அந்தக் குதிரை எங்கே போனது என்று கணக்குக் காட்டவும் கடமைப்பட்டது.

ஓய்வுபெற்ற குதிரைக்கு வேண்டியது என்ன என்பதில் கால்நடை மருத்துவத்துக்குக் குழப்பமில்லை. குதிரையின் வயிறு இடைவிடாமல் அமிலம் சுரக்கிறது; அதனால்தான் இயற்கையில் அது நாளின் பெரும்பகுதியை மேய்வதிலேயே கழிக்கிறது. லாயத்தில் கட்டிவைத்து வேளைக்குத் தீவனம் கொடுத்தால் வயிற்றுப்புண் வருகிறது. மரச்சட்டத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கமும் நின்ற இடத்திலேயே ஆடும் பழக்கமும் தொற்றிக்கொள்கின்றன. மந்தையில் வாழும் குதிரைகள் ஒன்றன் பிடரியை மற்றொன்று பல்லால் நீவிக்கொள்கின்றன. அப்போது அவற்றின் இதயத் துடிப்பு குறைவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர். ஆழ்ந்து உறங்கக் குதிரை படுத்தாக வேண்டும். மந்தையில் ஒன்று நின்று காவல் காக்க, மற்றவை அச்சமின்றிப் படுக்கின்றன. தனிக் கொட்டடியின் கொள்ளும் வைக்கோலும் இதற்கு ஈடாகாது.

லாயத்திலேயே வளர்ந்த குதிரையை ஒரே நாளில் புல்வெளிக்கு ஓட்டிவிடுவதும் பிழை. தீவனத்தைச் சில வாரங்களில் படிப்படியாக மாற்ற வேண்டும். இல்லையேல் வயிற்று வலியும் குளம்பு நோயும் வரும். லாடம் கழற்றிய குளம்பு தேறும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய குதிரையை முதலில் வேலிக்கு அப்பால் நிறுத்திப் பழக்கிய பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும். நீலகிரியின் மழைக்கு ஒதுங்கக் கூரையும், சிறுத்தையிடமிருந்து காக்க இரவுக் காவலும் அவசியம். மசினகுடி அருகே மாவனல்லாவில் ஒரு விலங்குப் புகலிடம் கைவிடப்பட்ட குதிரைகளை ஏற்றுப் பராமரித்து வந்திருக்கிறது. நன்கொடையில் நடக்கும் புகலிடம் செய்யக்கூடியதைக் கோடிகள் புழங்கும் தொழிலால் செய்ய முடியாது என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

தமிழகம் 1974-இல் சட்டமியற்றிக் குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்ய முயன்றது. 1996-இல் உச்ச நீதிமன்றம் பந்தயம் சூதாட்டம் அன்று, திறன் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. பயிற்சியால் குதிரை பெறும் வேகமும் வலுவும் அந்தத் தீர்ப்பின் அடிப்படைகளில் ஒன்று. குதிரையின் திறனைக் காட்டி நீதிமன்றத்தில் பிழைத்த தொழில், திறன் தீர்ந்த குதிரையைத் தனக்குத் தொடர்பற்றதாகக் கருதுவது அறமன்று.

சட்டமும் துணை நிற்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். ஒரு வேளைத் தீவனச் செலவுக்கும் காணாத இந்தத் தொகையை இதுவரை திருத்தாமல் இருப்பது நாடாளுமன்றத்தின் தவறு.

2024-இல் தமிழக அரசு குத்தகை பாக்கிக்காக உதகைப் பந்தயத் திடலின் 52 ஏக்கரையும், பிறகு கிண்டியின் 160 ஏக்கரையும் கையகப்படுத்தியது. உதகைக்கு 822 கோடி, கிண்டிக்கு 730 கோடி என்று பாக்கி பேசப்பட்டது. பூங்காக்கள் பற்றியும் பேசப்பட்டது. அந்தத் திடல்களில் ஓடிய குதிரைகளுக்கான நிலம் பற்றியும் அரசு பேசியிருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் இறைச்சிக்கூடத்தில் கொல்லப்படுவதை 2019-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. அதன் பின் குயின்ஸ்லாந்து மாநிலம் பரிசுத் தொகையில் ஒரு விழுக்காட்டை அவற்றின் மறுவாழ்வுக்கு ஒதுக்கியது. இங்கும் அப்படியொரு நிதி கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒவ்வொரு குதிரையும் இறக்கும்வரை அதன் பதிவு தொடர வேண்டும். பதிவின்றிச் சவாரிக்கு விற்பது குற்றமாக வேண்டும். உதகையில் மீட்ட நிலத்தில் ஒரு பகுதியை வேலியிட்ட மேய்ச்சல் வெளியாக அரசு உடனே ஒதுக்கட்டும்; அதைப் பராமரிக்கும் செலவைப் பந்தய மன்றங்களும் குதிரை உரிமையாளர்களும் ஏற்க வேண்டும்.