ஏனையோர்

இம்மலருக்கெனப் பழைய மாணவர் பெயர்களைத் திரட்டும் பணியில் எம்மையும் ஒருவராகச் சேர்த்திருந்தனர். வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகள், கணக்காளர், நிருவாக உத்தியோகத்தர் எனத் தலைப்புக்கள் பல. அவற்றுள் அடங்காதார் யாவரும் 'ஏனையோர்' என்னும் தலைப்பின் கீழ் இறுதிப் பக்கத்திற் சேர்க்கப்பட்டனர். கிராமத்துப் பாடசாலை ஆசிரியர், ஐக்கிய சங்கத்து முகாமையாளர், அச்சுக்கூடம் நடத்துபவர், வாசிகசாலையொன்றை முப்பது ஆண்டுகளாகக் காத்து வருபவர் முதலியோர் அங்குளர். இக்கல்லூரியிற் கற்றுத் தமிழாசிரியராயினமையால் எமது பெயரும் அங்கேதான் உளது. இச்சினத்தினாலேயே எழுதுகின்றோம் என அன்பர்கள் கருதவேண்டாம். சிறிது சினம் உண்டென்பதை மறைக்கவும் வேண்டுவதில்லை.

ஒரு சிறு கல்லூரியிற் கற்றோர் யாது சாதித்தனர் என்பதை எப்பொழுது, எதனைக் கொண்டு அளப்பது? இதற்கு விடைகாணக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. வட்டுக்கோட்டைக்குச் சென்றாற் போதும்.

அங்கே 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் ஒரு செமினறியைத் தொடங்கினர். அதன் முதல் அதிபராகிய தானியேல் பூவர் தம் நாட்டில் தாட்மத் என்னும் சிறு கல்லூரியில் 1811 இற் பட்டம் பெற்றவர். ஒரு தொழிலுக்கென்று பழக்காது பல கலைகளையும் கற்பித்து மனத்தைப் பண்படுத்தும் அக்கல்லூரி முறையையே வட்டுக்கோட்டையிலும் கைக்கொண்டனர். ஆங்கிலம், கணிதம், வானியல், தருக்கம் என்பவற்றோடு தமிழையும் பிழையறக் கற்பித்தனர். தமிழ் கற்பதை நேரம் வீணாக்குதல் என்று அவர்கள் கருதவில்லை என்பதைத் தமிழ்ப் பாடவேளை குறைக்கப்படும்போதெல்லாம் யாம் நினைத்துக்கொள்வதுண்டு.

எனினும் 1855 இல் அச்செமினறி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவினர் நடத்திய விசாரணையின்பின் எழுந்த முடிவு அது. அங்கு ஆங்கிலங் கற்றோர் மிசன் பணியை விடுத்து அரசாங்க உத்தியோகத்தையும் சம்பளத்தையும் நாடுகின்றனர் என்பது அதன்மேற் கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. குறை கூறியவர்களும் ஒரு பட்டியலைத்தான் பார்த்தனர். அவர்கள் பார்த்த காலத்தில் அது பொய்யான பட்டியலுமன்று.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கு கற்று வெளியேறிய காலத்தில் அவரும் ஓர் 'ஏனையோரே'. கோப்பாயில் ஆசிரியராயிருந்தார், சென்னைக்குச் சென்று 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகையை நடத்தினார். 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பி. ஏ. பரீட்சையிற் சித்தியடைந்தோர் இருவர். ஒருவர் அவர்; மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்! பின்னர் தாமோதரம்பிள்ளை அரசாங்கக் கணக்கலுவலகத்திற் சம்பளம் பெற்றார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். தூதுக்குழுவினர் அஞ்சிய வண்ணமே உத்தியோகத்தை நாடினார் என்க. ஆனால் அவ்வுத்தியோக காலத்திலேதான் அவர் ஏடு தேடினார். செல்லரித்து, எடுக்கும்போதே ஒடிந்து விழும் ஓலைகளை ஊரூராகப் பெற்று ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இற் கலித்தொகையையும் பதிப்பித்தார். கலித்தொகை வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. செமினறி மூடி முப்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 1855 இல் எந்தப் பட்டியலில் இதனை எழுதியிருத்தல் கூடும்?

அவர் ஒருவரே என்பதுமன்று. 1841 இல் 'உதயதாரகை' தோன்றியபோது அதன் ஆசிரியராயிருந்த ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் அச்செமினறியிற் கற்றவர்களே. 1886 இல் நானூறுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாற்றைப் 'பாவலர் சரித்திர தீபகம்' எனத் தொகுத்த ஆணல்ட் சதாசிவம்பிள்ளையும் அவ்வாறே.

இந்துக் கல்லூரியினராகிய நாம் மறத்தற்கரிய பெயர் இன்னுமொன்றுண்டு. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அங்கு கற்று, அங்கேயே கற்பித்து, தமிழில் 'நியாய இலக்கணம்' எழுதியவர். அவர் முதுமையில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் ஆங்கிலப் பாடசாலையை நிறுவினார். அதுவே கைமாறி, 1890 இற் சைவ பரிபாலன சபையின் பொறுப்பில் வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. மிசன் செமினறியொன்றின் பழைய மாணவர் தொடங்கியது சைவப் பிள்ளைகளின் கல்லூரியாயிற்று. செமினறியை நிறுவியோர் இதனைக் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பரோ, அறியோம். நாம் மகிழ்வதற்குத் தடையில்லை.

சென்ற தவணையில் உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவை விரும்பிய மாணவன் ஒருவனை அவன் தந்தையார் எம்மிடம் அழைத்து வந்தார். "ஐயா, தமிழும் வரலாறும் படிச்சு இவன் என்னவா வரப்போறான்? நீங்களே சொல்லுங்கோ" என்றார். அவர் கேட்டதிற் பிழையில்லை. பிள்ளையின் சோறு அவர் கவலை. யாம் தாமோதரம்பிள்ளையின் கதையைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணக்கு வேலையும் பாத்தவர்தானே" என்றார். பையன் சிரித்துவிட்டான். ஈற்றில் அவன் கலைப்பிரிவிலேயே சேர்ந்தான். கணக்கியலையும் ஒரு பாடமாக எடுத்திருக்கின்றான்.

மலர்க்குழுவினரிடம் 'ஏனையோர்' என்னும் தலைப்பை நீக்குமாறு கேட்டோம். அத்தனை பேருக்கும் தனித்தனித் தலைப்பிட இடம் போதாது என்றனர். தலைப்பு ஒன்றுமே இன்றி எல்லாப் பெயர்களையும் அகரவரிசையில் அச்சிட்டால் அரைப்பக்கம் மிஞ்சும் என்று கணக்கிட்டுக் கொடுத்திருக்கின்றோம்.