ஓரமா ஒரு பார்வை!

சோடாபுட்டி சங்கத்து மெம்பர்களே... இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்!

என் பவர் மைனஸ் ஏழு. வருஷா வருஷம் கடையில் எழுத்தைப் படிச்சுக் காட்டி, புது கண்ணாடியோட திரும்புற ஆள் நான். போன மாசம், லேசிக் பண்ணிக் கண்ணாடிக்கு குட்பை சொல்லிடலாம்னு கண் டாக்டர்கிட்டே போனேன். 'முதல்ல விழித்திரையோட ஓரத்தைப் பார்க்கணும்'னார்.

விழித்திரைங்கிறது கண்ணுக்குள்ளே பின்சுவரில் ஒட்டியிருக்கிற மெல்லிய படலம். எழுத்துப் படிக்க அதோட நடுப்பகுதி போதும். ஆனா, மைனஸ் பவர் அதிகமா இருக்கிறவங்களுக்குக் கண் நீளமா வளர்ந்திருக்கும். படலம் இழுபட்டு ஓரத்தில் மெலியலாம், ஓட்டையும் விழலாம். வலிக்காது. அதான் டேஞ்சர்!

சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரத்தில் பாப்பா விரிஞ்சதும் படுக்கவெச்சாங்க. டாக்டர் தலையில் லைட், கையில் லென்ஸ். 'மேலே பாரு, வலது பக்கம் பாரு'ன்னு எட்டுத் திசையையும் காட்டச் சொன்னார். அப்புறம், சின்ன உலோகக் கம்பியால் இமை மேல் லேசா அழுத்தினார். அழுத்தினா, மறைஞ்சிருக்கிற ஓரம் உள்பக்கமா மேடு தட்டி, பார்வைக்கு வந்துடுமாம். இந்தத் தலை லைட் கருவியை 1940-களில் உருவாக்கின பெல்ஜியம் டாக்டர் சார்லஸ் ஷெப்பன்ஸ், உலகப் போரில் நாஜிகளிடமிருந்து தப்பினவங்களை பிரான்ஸில் இருந்து ஸ்பெயினுக்கு ரகசியமா அனுப்பிவெச்ச ஹீரோ!

எனக்கு ரிசல்ட்? இடது கண் ஓரத்தில் குட்டி ஓட்டை. லேசரால் அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியா சுட்டு, படலத்தைப் பின்சுவரோடு ஒட்டவெச்சாங்க. நம்ம பாஷையில் ஸ்பாட் வெல்டிங்! எல்லோருக்கும் லேசர் தேவைப்படாது. சிலருக்கு அப்பப்போ செக்கப் மட்டும் போதும்.

இன்னொரு விஷயம். லேசிக் கண்ணோட முன்பக்கத்தை மட்டும்தான் மாத்தும். கண்ணாடி போகும், கண்ணோட நீளம் குறையாது. அதனால, ஓரத்தைப் பார்க்கிற செக்கப் அப்புறமும் தொடரணும்.

திடீர்னு கரும்புள்ளிகள் பறக்குதா, மின்னல் வெட்டுதா, ஓரத்தில் திரை இறங்குதா? 'செமஸ்டர் முடியட்டும்'னு தள்ளிப்போடாதீங்க. அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. படலம் மொத்தமா பிரிஞ்சா, பார்வையே போகலாம்.

செக்கப்புக்குப் போறப்ப துணைக்கு ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போங்க. சொட்டு மருந்து விட்டா, சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாத் தெரியும், வெளிச்சம் கூசும். பைக்கைத் தொடக் கூடாது. அன்னிக்கு என்னைக் கூட்டிட்டு வந்தது என் ரூம்மேட். அவன் பவர் மைனஸ் எட்டு. வர்ற சனிக்கிழமை அவன் கண்ணுக்கு சொட்டு மருந்து... வண்டி ஓட்டப்போறது நான்!