மாற்று வரலாறும் வன்னியின் நீர்நிலைகளும்

நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கொண்டு அதன் விளைவுகளை ஆராயும் முயற்சி மாற்று வரலாறு எனப்படும். அதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் உளர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. ஆயின் அதில் ஈடுபடுவோருட் பலர் இயந்திரங்களை மாற்றுகின்றனர். வெற்றி பெறும் நாட்டை மாற்றுகின்றனர். அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை மட்டும் இருந்தவாறே விட்டுவிடுகின்றனர். நாடுகளுக்கிடையிலான நீர்விமானப் பந்தயம் 1931க்குப் பின்னும் தொடர்ந்திருந்தால் என்னும் கற்பனை இக்குறைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஜாக் ஷ்னைடர் என்னும் பிரெஞ்சுச் செல்வர் 1912இல் அறிவித்த பரிசுக்கான முதற் பந்தயம் 1913இல் மொனாக்கோவில் நடைபெற்றது. கடலில் நம்பிப் பயணஞ் செய்யத்தக்க விமானங்களை வளர்ப்பதே அவர் நோக்கம். விரைவிலேயே அந்நோக்கம் மறைந்து வேகம் ஒன்றே குறியாயிற்று. நாடுகளுக்கிடையிலான பந்தயம் எனப் பெயர் பெற்றிருப்பினும், அதில் வென்ற நாடுகள் பிரான்ஸ், பிரித்தானியா, இத்தாலி, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நான்கு மட்டுமே. ஐந்து ஆண்டுகளுள் மும்முறை வெல்லும் நாட்டுக்குப் பரிசு நிரந்தர உரிமையாகும் என்பது விதி.

1924இல் போட்டியிட எவரும் வராதபோது, தனியே பறந்து வெற்றி கொள்ள உரிமையிருந்தும் அமெரிக்கர் பந்தயத்தை நிறுத்திவைத்தனர். 1931இல் நிலை வேறு. இத்தாலியும் பிரான்சும் ஆயத்தமாகவில்லை, ஒத்திவைக்குமாறு வேண்டின. பிரித்தானியா மறுத்தது. பொருளாதார மந்தத்தின் நடுவே அரசு கைவிரித்தபோது லேடி ஹூஸ்டன் என்னும் சீமாட்டி 1,00,000 பவுண் ஈந்தார். செப்டெம்பர் 13ஆம் நாள் பூத்மன் என்னும் விமானி எதிரியெவருமின்றி மணிக்கு 340 மைல் வேகத்திற் பறந்து பரிசைத் தம் நாட்டுக்கு நிரந்தரமாக்கினார். 1934இல் இத்தாலியின் அஜெல்லோ கார்டா ஏரியின் மேல் மணிக்கு 440 மைல் பறந்து காட்டினார். அப்போது போட்டியிடப் பந்தயம் இல்லை.

எனவே வரலாறு கிளைபிரியத்தக்க இடம் தெளிவானது. பிரித்தானியா 1931இல் அமெரிக்கரின் 1924ஆம் ஆண்டு நேர்மையைப் பின்பற்றியிருப்பின் பந்தயம் தொடர்ந்திருக்கும். இதுவரை கற்பனையிற் குறையில்லை. குறை அடுத்த படியில் தோன்றுகின்றது. பந்தயம் உலகளாவியதாக வளர்வதாகக் கொண்டதும், குடியேற்ற நாடுகளின் நீர்நிலைகள் படத்தில் நீல நிறப் புள்ளிகளாகின்றன. இவ்வழக்கம் கற்பனைக்கு மட்டும் உரியதன்று. 1930களின் பிற்பகுதியில் பிரித்தானியப் பேரரசின் பறக்கும் படகுகள், ராஜபுதனத்து அரசன் பதினேழாம் நூற்றாண்டில் அமைத்த ராஜ்சமந்த் ஏரியில் இறங்கிச் சென்றன. அம்முறைப்படி பார்ப்பின், இலங்கைச் சுற்றுக்கு இரணைமடுக் குளத்தையும் நந்திக்கடலையும் குறித்துவிடுதல் மிக எளிது.

குறித்தபின் என்னாகும் என்பதை எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. பந்தயம் செப்டெம்பருக்கு உரியது என்பது ஐரோப்பியக் கோடையின் கணக்கு. வன்னியில் அம்மாதம் குளம் வற்றிக் கிடக்கும் காலம். சிறுபோகத்துக்கு நீர் போய் முடிந்திருக்கும். நிலைத்த கோண விசிறியுடைய பந்தய விமானம் நீரை விட்டெழ நெடுந்தூரம் ஓட வேண்டும். கோடை இரணைமடுவில் அதற்கு இடமேது? கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழையோடு நீரைக் கொணரும். அப்போது சுண்டிக்குளம் முதல் கொக்கிளாய் வரை வலசைப் பறவைகளும் வந்து நிறைந்துவிடும். மணிக்கு 300 மைல் வேகத்தில் வரும் விமானமும் எழுந்து பறக்கும் நாரைக் கூட்டமும் ஒரே வானத்தைப் பகிர்தல் இயலாது. நந்திக்கடல், நாயாறு போன்ற களப்புகளோ ஆழங்குறைந்தவை. இறால் பிடிப்போரின் வலைகள் உள்ளவை. நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியிற் பொங்கல். கடல்நீரால் விளக்கேற்றும் அவ்வழிபாட்டின்போது களப்போரத்தில் நாலு திசையினின்றும் மக்கள் கூடுவர்.

எஞ்சுவது பங்குனி, சித்திரை. காலபோக அறுவடை முடிந்து, காற்றடங்கி, குளத்தில் நீர் இருக்கும் காலம் அதுவே. ஆனால் அந்நீரைக் கொண்டு எத்தனை ஏக்கர் சிறுபோகம் செய்வதென உழவரும் அதிகாரிகளும் கூடித் தீர்மானிக்கும் காலமும் அதுவே. மதகு திறக்கும் நாள் கூட்டத்தில் முடிவாகும். பந்தயத்துக்காக நீர்மட்டத்தைக் குறையாமல் வைத்திருத்தல் என்பது, கணுக்கால் நீருக்குக் காத்திருக்கும் வயலை உலரவிடுதல் என்பதன் மறுபெயர். கற்பனைப் பந்தயக்குழுவில் இக்கூட்டத்துக்கு ஓர் இருக்கையேனும் உண்டா?

இது மிகையான அச்சமென்பார் கொக்கலையை நினைவிற் கொள்ளல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது தென்னிலங்கையின் அக்களப்பு பறக்கும் படகுகளின் தளமாயிற்று. அங்கிருந்து புறப்பட்ட கற்றலினா ஒன்றே 1942 ஏப்பிரல் 4ஆம் நாள் யப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்தது. அப்பெருமையை நூல்கள் பலவும் கூறும். தளத்துக்காகக் கொக்கலைக் கிராமத்து மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டதை அவற்றுட் சிலவே கூறும். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியதால் அவ்வூரின் நினைவாவது மிஞ்சிற்று. போர்க்காலத் தேவை என ஒரு நியாயமேனும் அங்கு சொல்லக்கூடியதாயிருந்தது. பந்தயத்துக்கு அதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1931ஆம் ஆண்டின் பந்தய இயந்திரம் 2,300 குதிரைவலுவை எட்டியது. அதன் முழக்கமே காண வந்தோரை மகிழ்வித்தது என்பர். 2009 வரை விமான இரைச்சல் கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய மக்கள் வாழும் மண் வன்னி. முற்றத்திலும் பள்ளி வளவிலும் குழி வெட்டி வைத்திருந்த தலைமுறை இன்றும் உயிரோடிருக்கின்றது. அவர்தம் தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானங்களைக் கொண்டாட்டமாகத் தீட்டும் எழுத்தாளன் அம்மக்களைக் கண்டதில்லை.

1931 கிளைபிரியும் ஆண்டாக அமைந்தது இவ்வகையிற் பொருத்தமே. அவ்வாண்டிலேயே டொனமூர் யாப்பின்கீழ் இலங்கையர் சர்வசன வாக்குரிமையுடன் முதன்முறை வாக்களித்தனர். யாழ்ப்பாணம் அத்தேர்தலைப் புறக்கணித்தது. பிரித்தானியா ஓர் ஒத்திவைப்புக்கு இணங்கியிருந்தால் என்று கேட்போர், அவ்வாக்குரிமை குளத்து நீர் வரை நீண்டிருந்தால் என்றும் கேட்டிருக்கலாம். அக்கேள்வி விமானத்தின் வேகத்தைப் போல் கவர்ச்சியுடையதன்று. ஆதலால் எவரும் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டத்துக்கே இரணைமடு உழவர் 2010களில் எதிர்ப்புத் தெரிவித்தனர். குடிநீரினும் பெரிய தேவை யாது? இருப்பினும் அவர்தம் குரல் செவிமடுக்கப்பட வேண்டியதாயிற்று. தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் வழி நாடப்பட்டது. உண்மை வரலாற்றில் உழவர் பெற்ற இவ்வளவு இடத்தையேனும் கற்பனை வரலாறு வழங்க மறுப்பது வியப்புக்குரியது. பந்தயத்தை வன்னிக்குக் கொணர விரும்புவோர் முதலில் எழுத வேண்டியது விமானங்களின் பட்டியலையன்று. பங்குனியில் ஒரு நாள், கிளிநொச்சியில், சிறுபோகக் கூட்டத்தின் முன் பந்தயக்குழு விண்ணப்பத்தோடு நிற்கும் காட்சியை எழுதட்டும். கூட்டம் மறுக்குமாயின் விமானங்கள் கார்டா ஏரிக்கே திரும்பிச் செல்லட்டும்.