தாராள மனசு சகுனிகளுக்கு ஒரு கண்டனம்

மொதல்ல விளையாட்டு தெரியாத மக்களுக்கு ரெண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு மேசை விளையாட்டு. 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கினது. ஆளுக்கு ஒரு கேரக்டர், கதையை நடத்த டன்ஜன் மாஸ்டர்னு ஒருத்தர். வீசின வாள் பட்டுச்சா இல்லையான்னு சொல்றது இருபது பக்கப் பகடை. நம்மூர் தாயத்துல ஒண்ணு விழுந்தா கொண்டாட்டம், இதுல ஒண்ணு விழுந்தா திண்டாட்டம் :-)

இப்ப விஷயம். மாஸ்டருங்க நிறைய பேர் முன்னாடி ஒரு அட்டையை மறைப்பா நிறுத்தி, அதுக்குப் பின்னாடி உருட்டுவாங்க. கேரக்டர் சாகுற மாதிரி எண் விழுந்தா, சிலர் சத்தமில்லாம மாத்திச் சொல்லிடுவாங்க. கேட்டா கருணையாம். எங்க தெருவுல இதுக்குப் பேர் போங்காட்டம்.

அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். 2014-ல வந்த ஐந்தாம் பதிப்புக் கணக்கைப் பாருங்க. 7 ஹிட் பாயிண்ட் உள்ள முதல் நிலை மந்திரவாதி மேல ஒரு காப்ளின் அம்பு விடுது. பகடையில 20 விழுந்தா ரெண்டு ஆறுபக்கப் பகடை, கூட 2. ரெண்டும் ஆறு விழுந்தா சேதம் 14. ஏழு போக மிச்சமும் ஏழு. விதிப்படி ஆள் அங்கேயே காலி, தப்பிக்க இன்னொரு உருட்டு கூட கிடையாது. இப்படி நடக்க 720-ல ஒரு வாய்ப்பு. அது முதல் நாளே நடந்தா வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனா யோசிங்க. ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்குப் போய் ஒருத்தன் விழுந்து கிடக்கான். 10-ம் அதுக்கு மேலயும் விழுந்தா வெற்றி, கீழ விழுந்தா தோல்வி. எது மொதல்ல மூணு ஆகுதோ அதுதான் தீர்ப்பு. மேசையே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பகடையைப் பாக்கும். மாஸ்டர் எண்ணை மாத்துற ஆளுன்னு ஒரு தடவை தெரிஞ்சுதுன்னா, அதுக்கப்புறம் யார் மூச்சைப் பிடிப்பாங்க? அவர் மாத்தினது ஒரு சாவை மட்டுமில்ல. அதுவரைக்கும் நீங்க நிஜமா பிழைச்ச அத்தனை தடவையும் சந்தேகமாயிடும். டெஸ்ட் ஃபெயில் ஆனா ரிப்போர்ட்ல பாஸ்னு போடுறவனை ஆபீஸ்ல நாம என்ன சொல்லுவோம்?

"கைகாக்ஸே அனுமதிச்சிருக்காரே"ம்பாங்க. ஆமா, 1979 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடுல பகடையை மீற மாஸ்டருக்கு உரிமை கொடுத்திருக்கார். ஆனா முழுசா படிங்க சாமிகளா. எல்லாம் சரியா செஞ்சும் பகடையால செத்தவனுக்குத்தான் அந்தச் சலுகை. அதுவும் ஓசியில இல்ல, கை காலோ கண்ணோ போற மாதிரி ஏதாவது ஒரு விலை இருக்கணும். முட்டாள்தனம் பண்ணவனுக்கு அதுவும் கிடையாது. நான் கூடுதலா கேக்குறது ஒண்ணுதான்: அதை எல்லார் முன்னாடியும் சொல்லிச் செய்யுங்க.

"சாவு கதையைக் கெடுத்துடும்"னு இன்னொரு கோஷ்டி. கிரிட்டிகல் ரோல் நிகழ்ச்சியில 2018-ல மாலிமாக்னு ஒரு கேரக்டர், எதிரியைத் தடுக்கத் தன் ரத்தத்தையே செலவழிச்சு, அந்தச் சேதத்துலயே சாய்ஞ்சான். எதிரி முடிச்சுட்டான். மாஸ்டர் மாட் மெர்சர் காப்பாத்தல. கதை கெட்டுச்சா? 2021-ல அதே உடம்பு லூசியன்னு கடைசி எதிரியா வந்து நின்னுச்சு. இதை முன்கூட்டியே உக்காந்து எழுதியிருக்க முடியுமா?

சாவே வேணாமா? தாராளமா. ஆரம்பிக்கும்போதே "இங்க யாரும் சாக மாட்டாங்க"ன்னு பேசி முடிவு பண்ணிக்கங்க. இல்லன்னா அந்த இடத்துல பகடையையே எடுக்காதீங்க. எடுத்தா மேசை நடுவுல, எல்லார் கண்ணு முன்னாடி உருட்டுங்க.

டிஸ்கி: சகுனியும் தன் வீட்டுப் பிள்ளைங்க நல்லா இருக்கணும்னுதான் உருட்டினார்.